கோட்டையூர் அமெரிக்காவும் நேமத்தான்பட்டி ருஷ்யாவும்

எனக்குப் பேசிவைத்திருந்த கல்யாணம் அமெரிக்காவுக்கும் ருஷ்யாவுக்கும் இருந்த பகையால் நின்றுபோனது. பிற்பாடு கல்லூரியில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதைச் சொன்னபோதெல்லாம் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்றே நினைத்தார்கள். ஜாதகம் சரியில்லை, சீர்வரிசையில் மனத்தாங்கல் என்று சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார்கள். ஜாதகம் நன்றாகவே பொருந்தியிருந்தது. வல்லரசுகள்தாம் பொருந்தவில்லை.

அறுபதுகளின் பின்பாதி அது. எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில். அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். அப்பச்சிக்குப் பர்மாவில் ஓர் அரிசி ஆலை இருந்தது. அங்கே ராணுவ ஆட்சி வந்ததும் ஒரு நாள் காலையில் சிப்பாய்கள் வந்து, இனி இது மக்களுடைய ஆலை என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்களாம். "எந்த மக்களுன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லலே" என்பார் அப்பச்சி. கப்பலேறி ஊருக்கு வந்தவர், அதன்பிறகு சோசலிசம் என்ற சொல் காதில் விழுந்தாலே துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். ஆகவே அமெரிக்காவின் ஆள் ஆனார். அமெரிக்காவைப் பற்றி அவர் அறிந்தது கொஞ்சம்தான். அங்கே சோசலிசம் இல்லை, அங்கிருந்து வழவழப்பான தாளில் ஒரு பத்திரிகை இலவசமாக வரும். அந்தப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த அமெரிக்க ஜனாதிபதியின் படத்தைச் சட்டம் போட்டு முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அங்கே தேர்தல் நடந்து ஆள் மாறினால் இங்கே படம் மாறும். சட்டம் அதேதான்.

ஆத்தாவின் தம்பி, எங்கள் அம்மான், நேமத்தான்பட்டியில் இருந்தார். அவர் ருஷ்யாவின் ஆள். வடக்கே ருஷ்யர்கள் கட்டிக்கொடுத்த ஓர் இரும்பாலைக்குக் கயிறும் சாக்கும் அனுப்பும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அன்று முதல் அம்மான் பொதுவுடைமைக்காரர். தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பில், பெல்ஜியம் கண்ணாடி விளக்குக்குக் கீழே, ஈசிசேரில் சாய்ந்துகொண்டு, "சொத்துன்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்" என்பார். அவர் தோட்டத்து மாமரத்தில் எவனாவது கல்லெறிந்தால் நாயை அவிழ்த்துவிடுவார்.

எங்கள் வீட்டில் நானும் ஒரு தம்பியும் மட்டுமே. அம்மானுக்கு எட்டுப் பிள்ளைகள். ஐந்து பையன்கள், மூன்று பெண்கள். மூத்தவருக்குத்தான் என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. அவர் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார்.

அப்பச்சியும் அம்மானும் சேர்ந்து உட்கார்ந்தால் வட்டிக் கணக்கும் மழைக் கணக்கும் கொஞ்ச நேரம்தான். அதன்பிறகு உலகத்தைப் பங்கு போட ஆரம்பித்துவிடுவார்கள்.

"எண்ணிக்கைதான் அத்தான் பலம்" என்பார் அம்மான். "சீனாக்காரனைப் பாருங்க. ஆளுக்கு ஒரு பிடி மண்ணு அள்ளிப் போட்டான்னா அமெரிக்கா இருக்கிற இடம் தெரியாது."

"மண்ணு அள்ளுறதுக்கு முன்னாடி அத்தனை பேருக்கும் சோறு போடணுமா இல்லையா? அந்தச் சோத்துக்கு எங்குட்டுப் போவான்? விளைச்சல் இருக்கிறவன்தான்யா ராசா. ஆள் இருக்கிறவன் இல்லே."

சீனாவும் ருஷ்யாவும் அதற்குள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. அந்தச் செய்தி நேமத்தான்பட்டிக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. வந்தபிறகும் அம்மான் அதை நம்பவில்லை. அமெரிக்கா கிளப்பிவிட்ட புரளி என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நிஜமான அமெரிக்கர் ஒருவர் காரைக்குடிக்கு வந்தார். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர். ஒரு குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள், அந்தக் குடும்பம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது, ஒரு நாட்டின் ஜனத்தொகைக்கும் அதன் வளர்ச்சிக்கும் என்ன உறவு என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வீட்டுப் பெண்களோடு பேச இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றார். நான் அப்போது மதுரையில் பொருளாதாரம் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தபாலாபீசுக்குக்கூட என்னைத் தனியாக அனுப்பாத அப்பச்சி மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். கேட்டது அமெரிக்கா அல்லவா?

அதே வாரத்தில் ஒரு ருஷ்யரும் வந்து இறங்கினார். அவரும் ஆராய்ச்சிதான், வியாபாரக் குடும்பங்களின் பொருளாதாரத்தைப் பற்றி. லெனின்கிராடில் தமிழ் படித்தவர். புத்தகத்தில் படித்த தமிழ். காரைக்குடி பஸ் நிலையத்தில் கண்டக்டரைப் பார்த்து, "நடத்துநர் அவர்களே, இவ்வூர்தி நேமத்தான்பட்டிக்குச் செல்லுமா?" என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் அவரை ஏதோ மடத்துச் சாமி என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டு, டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவர் நேமத்தான்பட்டிக்கு ஏன் போனார் என்று சொல்லவே வேண்டாம். இரும்பாலைக்காரர்கள் அம்மானின் விலாசத்தைக் கொடுத்திருந்தார்கள்.

ஊரில் இரண்டு நாள் ஒரே பரபரப்பு. அப்பச்சி அமெரிக்கரை விருந்துக்குக் கூப்பிட்டார். அம்மான் ருஷ்யரைக் கூப்பிட்டார். இரண்டு வீட்டிலும் பணியாரச் சட்டி அடுப்பேறியது. ஆனால் வந்தவர்கள் இரண்டு பேரும் காரைக்குடியில் ஒரே பயணியர் விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே ஓர் அறையில்தான் மின்விசிறி ஓடும். அதனால் அந்த அறையிலேயே இரண்டு கட்டில்களைப் போட்டுக்கொண்டு, சாயங்காலங்களில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். விருந்துச் சங்கதி தெரிந்ததும், "நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வருகிறோம், ஒரே வீட்டில் சமையுங்கள்" என்று சொல்லியனுப்பினார்கள்.

எந்த வீடு என்பதில் பெரிய இழுபறி. கடைசியில் ஆத்தாதான் முடிவு செய்தாள். "எங்க வீட்டுல வச்சுக்கிருவோம். எந்தம்பி குடும்பத்தோட வரட்டும். அவனுக்கும் இது அக்கா வீடு, அந்நிய வீடா என்ன?"

அம்மான் குடும்பத்தோடு வந்தார். அயித்தை, அதாவது அவர் மனைவி, எட்டுப் பிள்ளைகளில் வர முடிந்த ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ச் சமையலுக்குக் கைகொடுத்தார்.

முதல் சண்டை முக்காலிக்காக. அமெரிக்கருக்குச் சம்மணம் போட வரவில்லை. அப்பச்சி ஒரு முக்காலியும் அதற்கு முன்னால் சின்ன மேசையும் போட்டு இலை விரிக்கச் சொன்னார். அம்மான் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப ருஷ்யாக்காரரு மட்டும் தரையில உக்காரணுமாக்கும்?" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு முக்காலி வந்தது. அது கொஞ்சம் குட்டை. அம்மான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் வீட்டு வேலையாள் ஓடிப்போய் ஒரு பலகையை எடுத்துவந்து அதன் அடியில் கொடுத்தார். இப்போது ருஷ்யாவின் முக்காலி ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது. அப்பச்சி வேறு பலகை தேடச் சொன்னார். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ருஷ்யர் தரையில் அழகாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, "உணவு மணம் வீசுகின்றது, அம்மையீர்" என்று ஆத்தாவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அம்மானுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

சாப்பாடு என்னவோ அமோகமாக நடந்தது. கறுத்த கவுனி அரிசியில் செய்த பொங்கலை அமெரிக்கர் மூன்றாம் தடவையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த அரிசியைச் சமைப்பது பர்மாவிலிருந்து வந்த பழக்கம் என்று நான் சொன்னதும் அப்பச்சியின் கண் கலங்கியது. அதை அமெரிக்கர் குழம்பின் காரம் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை நகர்த்திக் கொடுத்தார்.

இலையெடுத்து, வெற்றிலைத் தட்டு வந்தது. அம்மான் சும்மா இருந்திருக்கலாம். "நீ கேளும்மா, இந்த நூத்தாண்டு முடியிறப்ப ஒலகத்துல யாரு பெரியாளா இருப்பாகன்னு அவுகளைக் கேளு" என்றார் என்னிடம்.

கேட்டேன். அமெரிக்கர் அதற்காகவே காத்திருந்தவர்போலப் பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். அதில் இரண்டு கோடுகள். ஒன்று நாட்டின் உற்பத்தி, மற்றது ஜனத்தொகை. உற்பத்தி முன்னால் ஓடும்வரை நாடு வலுவாகும், ஜனத்தொகை அதை எட்டிப் பிடித்துவிட்டால் விளைந்ததெல்லாம் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும், பள்ளிக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் மிஞ்சாது, ராணுவத்துக்கும் மிஞ்சாது, அப்படிப்பட்ட நாடு எத்தனை பெரிதானாலும் வல்லரசாகாது என்றார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அப்பச்சி தொடையைத் தட்டிக்கொண்டார். "இதைத்தானே நான் இத்தனை வருசமாச் சொல்றேன்!"

ருஷ்யர் வாயிலிருந்த வெற்றிலையை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு நிதானமாகப் பேசினார். "என் நண்பர் குழந்தையைச் செலவுக் கணக்கில் எழுதுகின்றார். அது வளர்ந்து உழைக்கும் என்பதை மறந்துவிடுகின்றார். போரில் நாங்கள் எண்ணற்ற மக்களை இழந்தோம். இன்று எம் வயல்களில், ஆலைகளில் ஆட்கள் போதவில்லை. ஆகவே எம் நாட்டில் பத்து மக்களைப் பெற்ற தாய்க்கு அரசு பட்டமும் பதக்கமும் வழங்குகின்றது."

அம்மான் எழுந்தே விட்டார். "பதக்கமா? தாய்க்கா?" பின்கட்டுப் பக்கம் திரும்பி, "கேட்டியாடி? நமக்கு இன்னும் ரெண்டுதான் பாக்கி!" என்று குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து அயித்தையின் குரல் வந்தது. அவர் சத்தம் போட்டுப் பேசி அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. "அந்த ரெண்டையும் நீங்களே பெத்து, பதக்கத்தையும் நீங்களே குத்திக்கிடுங்க!"

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆத்தா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ருஷ்யருக்கு அந்தத் தமிழ் பிடிபடவில்லை. என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். சொன்னேன். அமெரிக்கரும் அவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த இடத்தில் விருந்து முடிந்திருந்தால் நான் இன்று நேமத்தான்பட்டி மருமகள்.

அப்பச்சிக்குச் சிரிப்பு போதவில்லை. அமெரிக்கரின் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். "இங்குட்டுப் பாரு மச்சான். நாட்டுக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். எனக்கு ரெண்டு பிள்ளைக. ஒனக்கு எட்டு. மூணு பொண்ணுகளையும் கட்டிக்கொடுத்து, மிச்சத்தை அஞ்சு பயகளுக்கும் பங்கு வச்சா ஆளுக்கு என்ன வரும்? ஒன் வீட்டுல ஆளுக்கு ரெண்டு தூணு வரும். ஒனக்கப்பறம் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

அம்மான் மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையைத் தட்டில் போட்டார். "அத்தான், எங்க வீட்டுல செத்தாத் தூக்கிப் போக அஞ்சு பேரு இருக்கான். ஒங்களுக்கு இருக்கிறது ஒருத்தன். மிச்ச மூணு பக்கத்துக்கு யாரு வருவா, அமெரிக்காக்காரனா?"

விருந்துச் சோற்றின் ஈரம் காயாத வாயால், அக்காவின் வீட்டில், வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் அந்தச் சாவு வார்த்தை வந்தது. ஆத்தா வெற்றிலைத் தட்டை இழுத்து எடுத்துக்கொண்டாள். அப்பச்சி தாளைச் சுருட்டினார். "ஒன் வீட்டுக் கூட்டத்துல எம் பொண்ணைக் கொண்டாந்து விட நான் என்ன பைத்தியமா? அவளும் பதக்கத்துக்கு அலையவா?" என்றார்.

"விட வேணாம். இந்த வீட்டுல பொண்ணெடுக்கணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

அவ்வளவுதான். அம்மான் வாசலில் இறங்கினார். அயித்தை அழுத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆத்தாவின் கையைப் பிடித்து, "நாமல்லாம் என்ன பண்றது அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் கல்யாணத்தைப் பேசியது அப்பச்சியும் அம்மானும், முறித்தது ஒரு தாளிலிருந்த இரண்டு கோடுகள். நான் வெறும் மொழிபெயர்ப்பாளர்.

வாசலில் ஜீப்பில் ஏறப்போன ருஷ்யர் என்னருகில் வந்து, "தங்கள் தந்தையாரும் மாமனும் எதன்பொருட்டுச் சினந்தனர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் இருவர் பொருட்டு" என்றேன்.

அவர் அதை அமெரிக்கரிடம் சொன்னார். அமெரிக்கருக்கு விளங்கவில்லை. "நாங்கள் சண்டையே போடவில்லையே" என்றார். பிறகு இரண்டு பேரும் அமெரிக்கரின் ஜீப்பிலேயே ஏறிச் சதுரங்கம் ஆடப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் ஒரே ரயிலில் மதுரைக்குப் போனதாகவும் கேள்வி.

வீட்டில் அதன்பிறகு ஆத்தாவின் ஆட்சி. அமெரிக்கக் கப்பலில் வந்த கோதுமை அப்போது ரேஷன் கடையில் கிடைக்கும். எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டோம், மாட்டுக்குத்தான் போகும். ஆத்தா அதை உடைத்து உப்புமா கிண்டி அப்பச்சிக்கு வைத்தாள். காலையில் அது, ராத்திரியும் அது. அப்பச்சி தட்டைப் பார்ப்பார், ஆத்தாவைப் பார்ப்பார்.

"இட்லி இல்லியா?"

"ஒங்க நாட்டுக் கோதுமைதானே. சாப்பிடுங்க. எந்தம்பியை விடப் பெரிசுன்னுதானே அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக."

நன்றாயில்லை என்றால் அமெரிக்காவைக் குறை சொன்னதாகிவிடும். அரிசி ஆலை நடத்திய மனிதர், கோதுமையை மென்று விழுங்கினார். ஆத்தா பிறந்த வீட்டுக்குப் போக முடியாமல் போனதற்கு அழுததை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். உப்புமாவை மட்டும் பல மாதம் பார்த்தேன்.

எனக்கு வருத்தமா என்று கேட்டால் இருந்தது, கொஞ்சம். அடுத்த திருவிழாவில் இளையாத்தங்குடிக் கோயிலில், எனக்குப் பேசிவைத்திருந்த அத்தானை, அம்மானின் மூத்த மகனைப் பார்த்தேன். கூட்டத்தில் ஒதுங்கி நின்றிருந்தவர் என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"ஒனக்குக் கோவமா?"

"எதுக்கு? ஒங்களைக் கேட்டா முடிவு பண்ணுனாக?"

"இல்லே. சேத்து வைக்கிறப்பயும் கேக்கலே" என்று சிரித்தார். "நான் மேல படிக்கலாம்னு இருக்கேன்."

"நானும்தான். எம்.ஏ.க்கு எழுதிப் போட்டிருக்கேன்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் முகத்திலும் அதே நிம்மதியைப் பார்த்து அவருக்கும் சுருக்கென்று இருந்திருக்கும். பிரசாதம் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனோம். பெண் கேட்டு வேறு இடங்களிலிருந்து ஆள் வந்தபோது, உறவில் முறிந்ததால் ஊர்வாய்க்குப் பயந்து அப்பச்சி தயங்கினார். அந்தத் தயக்கத்தில் எனக்கு எம்.ஏ. கிடைத்தது. வல்லரசுப் போட்டியால் மூன்றாம் நாடுகளுக்கு நன்மை உண்டு என்று பிற்காலத்தில் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அது புத்தகப் பாடமாகத் தோன்றியதில்லை.

வங்காள தேசத்துக்காக யுத்தம் வந்ததே, அந்த வருஷம் அப்பச்சிக்கு மிகவும் கெட்டது. ருஷ்யா நம்மோடு ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கா வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பல்களை அனுப்பியது. செய்தி ரேடியோவில் வந்த அன்று அப்பச்சி வெளியே போகவில்லை. மறுநாள் பார்த்தால் சட்டத்துக்குள் அமெரிக்க ஜனாதிபதி இல்லை, ஒரு பிள்ளையார் இருந்தார். நேமத்தான்பட்டியிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய லட்டு வந்தது. அனுப்பியது யார் என்று கொண்டுவந்தவர் சொல்லவில்லை. அப்பச்சி அதைத் திறக்காமல் ஒதுக்கி வைத்தார். நாங்கள் தின்றோம். நல்ல நெய்.

அம்மானின் கொண்டாட்டமும் நிலைக்கவில்லை. யுத்தம் முடிந்த சூட்டோடு அமெரிக்க ஜனாதிபதி கிளம்பிச் சீனாவுக்கே போய், அங்கே கைகுலுக்கி விருந்து சாப்பிட்டார். பேப்பரில் படம் வந்தது. அப்பச்சி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் அங்க எதுக்குப் போனான்?" என்று என்னைக் கேட்டார். எம்.ஏ. படித்தவள் ஆயிற்றே.

"அங்க ஜனங்க நிறைய இருக்காக, சரக்கு விக்கலாம். ருஷ்யாவையும் பயமுறுத்தலாம்" என்றேன்.

"அப்ப ஆளு நிறைய இருக்கிறதும் ஒரு சொத்துங்கிறியா?" என்றார் பரிதாபமாக. நேமத்தான்பட்டியிலும் அன்று அதே படத்தை வைத்துக்கொண்டு அதே பரிதாபத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்ததாக அயித்தை பிறகு சொன்னார். சீனா தங்கள் கட்சி என்று அவர் அதுவரை நம்பியிருந்தார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு செய்தி வந்தது. அம்மானின் மூத்த மகன் மேற்படிப்புக்குப் போகிறார். எங்கே என்பதைச் சொல்ல அம்மானுக்கு வாய் வரவில்லையாம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "வெளிநாடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவந்திருக்கிறார். அமெரிக்காவுக்குத்தான்.

அப்பச்சி கொதித்துப்போனார். "என்ன நெஞ்சழுத்தம் பாரு! அவன் மகன் ருஷ்யாவுக்குல போகணும்? எந்நாட்டுக்கு எப்படிப் போகலாம்?"

ஆத்தா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சீடையும் மாவுருண்டையும் அடுக்கின மூட்டை. "ஒங்க நாடு கோட்டையூரு. அதுலயும் இந்த வீட்டுல பாதிதான் ஒங்களுது, மீதி ஒங்க சித்தப்பா மக்களுது. நான் எந்தம்பி மகனை வழியனுப்பப் போறேன். ஒத்துக்கிட்டாலும் சரி, ஒத்துக்கிடாட்டியும் சரி."

நானும் ஆத்தாவும் டவுன் பஸ்ஸில் ஏறி காரைக்குடி ரயில் நிலையம் போய்ச் சேர்ந்தோம். பிளாட்பாரத்தில் அம்மான் குடும்பம் முழுக்க நின்றது. அம்மான் ஆத்தாவைப் பார்த்ததும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குழந்தைபோல அழுதார். ஆத்தா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான்.

ரயில் வர நேரமிருந்தது. அப்போது அப்பச்சி ஜட்காவில் வந்து இறங்கினார். கோபத்தால் வீட்டில் இருந்தவரை ஆசை இழுத்துவந்துவிட்டது. அமெரிக்காவைப் பற்றிச் சொல்வதற்கு, நிஜமாகவே அங்கே போகிற ஓர் ஆள் கிடைத்திருக்கிறான். அவனிடம் சொல்லாமல் எப்படி விடுவது? நேராக அத்தானிடம் போய், "அங்க பனி கொட்டும். காதை மூடிக்க. ரோட்டுல வலது பக்கமாத்தான் போகணும். தெரியும்ல?" என்று ஆரம்பித்தார். அத்தான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தான் போகாத நாட்டைப் பற்றி அப்பச்சி எத்தனை சொல்லியும் தீரவில்லை.

அம்மான் கொஞ்சம் தள்ளி நின்றார். அப்பச்சி திரும்பி, "என்ன மச்சான், ருஷ்யாவுல எடம் இல்லேன்னுட்டானா?" என்றார்.

"அங்க சம்பளம் கம்மியாம் அத்தான்" என்றார் அம்மான், தலையைக் குனிந்துகொண்டு.

அப்பச்சி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆத்தா ஒரு பார்வை பார்த்தாள். அவர் அம்மானின் தோளில் கைவைத்தார். ரயில் வந்தது. ஐந்து பையன்களில் ஒருவர் குறைந்த அந்தக் குடும்பத்தோடு நேமத்தான்பட்டிக்குப் போய் எல்லாருமாகச் சாப்பிட்டோம்.

அந்த அத்தான் அங்கேயே தங்கி, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். அவர் தம்பிகளில் ஒருவன் மலேசியாவுக்கும் ஒருவன் பம்பாய்க்கும் போனார்கள். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கப் போனேன். எந்த நாட்டைப் பற்றியும் எந்தக் கருத்தும் இல்லாத ஒரு தேவகோட்டைக்காரரைக் கட்டிக்கொண்டேன். அது ஒன்றைத்தான் முதலில் விசாரிக்கச் சொன்னேன்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மான் எங்கள் வீட்டில்தான் இருந்தார். இரண்டு பேருக்கும் நரைத்துப்போயிருந்தது. சண்டை நரைக்கவில்லை. நூற்றாண்டு முடிய இன்னும் இருபது சொச்சம் வருஷம் இருக்கிறது, அதற்குள் எவன் முந்துவான் என்று நடந்துகொண்டிருந்தது.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெரிய வெளிநாட்டுக் கார், கண்ணாடி கறுப்பு. இறங்கினவர் காரைக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ராவுத்தர். அப்பச்சிக்குப் பழக்கமானவர். அவருடைய மூன்று மகன்களும் எண்ணெய் எடுக்கிற அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருவனுக்கு நிக்காஹ். சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்.

"குடும்பத்தோட வரணும். அல்லாஹ் புண்ணியத்துல பயக நல்லா இருக்காங்க. வண்டி அனுப்புறேன்" என்று சொல்லி, அத்தரும் பேரீச்சம்பழமும் வைத்துவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் வாசலில் நின்று அதையே பார்த்தார்கள். பிறகு அம்மான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "அத்தான், அங்குட்டு ஆளும் இல்லே, விளைச்சலும் இல்லே. வெறும் மணலு" என்றார்.

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் அப்பச்சி. "ஆனா ஒலகமே அவன் வாசல்ல எண்ணெய்க்குக் கேனைத் தூக்கிக்கிட்டு நிக்குது."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். அரபு நாடுகளைப் பற்றி ஏதாவது பத்திரிகை இலவசமாக வருமா, நான் கல்லூரியில் விசாரித்துச் சொல்ல வேண்டுமாம்.